முழு வண்டியையும் மேடேற்றிய ஸ்டாங்கா

நிமோனியாவில் கணவன் போன பிறகு ஸ்டாங்கா ராடுலோவிச் மூலையில் முடங்கிவிடவில்லை. நெவாடாவின் ரூத் ஊரில் செர்பியச் சுரங்கக்காரர்களுக்குச் சாப்பாட்டு விடுதி நடத்தினாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி பொதிந்து அவள் வேகவைக்கும் சர்மாவுக்குக் கிரேக்கர்கள்கூட வந்து நிற்பார்கள். போர் வந்தது, சாப்பிட்டவர்களெல்லாம் பட்டாளத்துக்குப் போனார்கள். செம்புத் தாது இழுக்கும் ரயிலின் எஞ்சின் கொட்டகையில் ஆள் பற்றாக்குறை என்று கேள்விப்பட்டதும் நேரே போய் நின்றாள்.

எஞ்சின் துடைக்கும் வேலை கிடைத்தது. சாம்பல் அள்ளினாள். குளிர்ந்து கிடக்கும் கொதிகலன்களுக்கு நெருப்பு மூட்டினாள். எந்த எஞ்சின் எப்படிப்பட்ட தீனிக்காரி என்பது சீக்கிரமே அத்துப்படியாயிற்று. பிறகு, ஓடும் எஞ்சினில் கரி போட்டு நெருப்பைக் காக்கும் ஃபயர்மேன் வேலை கேட்டாள்.

கொட்டகை ஃபோர்மேன் ஹாலிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். "கரண்டி பிடிச்ச கை, ஓடுற எஞ்சின்ல கரி வாரிப் போடுமா? போம்மா, வேலையப் பாரு."

"அடுப்பு கொஞ்சம் பெருசு, அவ்வளவுதானே சார்?" என்றாள் ஸ்டாங்கா.

அந்த மாசியில் பனிப்புயல் சுழற்றியடித்தது. ஊரெல்லாம் காய்ச்சல். மலைமேல் மெக்கில் உருக்காலையில் தாது தீர்ந்துகொண்டிருந்தது. உலை ஆறினால் உள்ளே உருகிய செம்பு கல்லாக இறுகிவிடும். தாது ஏற்றிய ரயில் தயாராக நிற்க, அதன் ஃபயர்மேன் காய்ச்சலில் சுருண்டு விழுந்தான்.

டிரைவர் டிரெம்பாத் முன்கோபக்காரக் கிழவர். "அந்தப் பொம்பளைய ஏத்தி விடுங்கய்யா. எனக்கு நீராவி வேணும், மீசை வேண்டாம்!" என்று கத்தினார்.

ஹாலிஸுக்கு வேறு வழியில்லை. "இவ போடுற நெருப்புக்கு முழு வண்டி மேடேறாது. பாதி வண்டியக் கழட்டிட்டுப் போங்க. ரெண்டு நடையா இழுக்கலாம்."

"ரெண்டாவது நடைக்குள்ள பனி பாதைய மூடிரும். முழுசாவே இழுங்க. ஆவிக்கு நான் பொறுப்பு," என்றாள் ஸ்டாங்கா. டிரெம்பாத் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிலை இழுத்தார்.

மேட்டின் பாதியில் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. அந்த உதறலில் நெருப்புப் பெட்டிக்குள் எரியும் கரிப் படுக்கையில் அங்கங்கே ஓட்டை விழுந்து, ஆவியின் அழுத்தம் காட்டும் முள் இறங்கத் தொடங்கியது.

"போச்சு! நின்னுரும்!" என்று அலறினார் டிரெம்பாத்.

"நிக்காது. நீங்க தண்டவாளத்துல மணலத் தூவுங்க, தாத்தா!"

முகம் பொசுங்கப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, ஓட்டை விழுந்த இடங்களில் மட்டும் மெல்லிசாகக் கரியை விசிறினாள். தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. முள் நடுங்கிற்று, நின்றது, ஏறிற்று. சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்வின. கடைசித் திருப்பம் கடந்தபோது கொதிகலன் மிஞ்சிய ஆவியை வானத்துக்குப் பீய்ச்சியடித்தது.

உருக்காலைக்காரர்கள் தொப்பிகளை வீசிக் கூவினார்கள். "யாருய்யா ஃபயர்மேன்?" என்று ஒருவன் கேட்டான்.

"பார்த்தாத் தெரியலையா? இந்த மகராசிதான்!" டிரெம்பாத் அவள் கையைத் தூக்கிப் பிடித்தார்.

மறுநாள் ஹாலிஸே ஃபயர்மேன் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். போர் முடிந்து ஆண்கள் திரும்பியதும் போர்க்காலத்தில் வேலைக்குச் சேர்ந்த மற்றப் பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். "அவ இறங்கினா நானும் இறங்குறேன்," என்று டிரெம்பாத் அலுவலகத்தில் போய்ச் சண்டை போட்டார். ஹாலிஸும் தலையாட்ட, அவள் பெயர் நிலைத்தது.

கிழவர் ஓய்வுபெற்ற பிறகு, டிரைவர் தேர்விலும் ஸ்டாங்கா தேறினாள். முதல் நாள் ஊரே பாதையோரம் திரண்டிருந்தது. டிரைவர் உட்காரும் வலது ஜன்னலில் முழங்கையை ஊன்றி, முழு வண்டியையும் இழுத்துக்கொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி நீளமாக விசிலடித்தாள்.