எல்லை தாண்டிய அனுபவம்

இன்று எங்கள் காரைக்கால் பக்கத்துக் கீழவாஞ்சூர் டீக்கடையில் நானும் மனைவியும் ஒரு பெண்ணைப் பார்த்தோம். துருக்கியிலிருந்து தனியாகவே பைக் ஓட்டி வந்திருக்கிறார்.

முகமெல்லாம் எங்கள் துறைமுகத்து நிலக்கரித் தூசி. கண்கள் மட்டும் இன்னும் ஏதோ மலைப்பாதையில் இருந்தன.

"எனக்கும் இப்படிப் போகணும்" என்றேன்.

"எல்லை தாண்டிய அனுபவம் உண்டா?" என்று கேட்டார்.

"தினமும்! உதாரணத்துக்கு, நாகூரில் பிரியாணி வாங்கணும்னாலே தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டணும்."

மனைவி சிரித்துவிட்டாள். "ஏங்க, அந்த செக்போஸ்ட்ல பிராந்தி பாட்டில் இருக்கான்னுதான் பாப்பாங்க. அங்கெல்லாம் விசா கேப்பாங்க."

அவர் கிளம்பிப் போன சாலையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாலைவனம், பனி, பெயர் தெரியாத ஊரில் ஒரு விடியல்...

"ஆசையா இருந்தா போய்ட்டுதான் வாங்களேன்" என்றாள் மனைவி.

பணி ஓய்வு பெற்றதிலிருந்து எல்லோரிடமும் 'அவள் விடமாட்டாள்' என்றே சொல்லி வந்தேன். இனி என்ன சொல்வது? நண்பர்களே, நல்ல காரணமாக ஒன்று சொல்லுங்கள்.