எத்தனை மணி, எத்தனை மணி நேரம்

பேருந்துப் பணிமனையில் எல்லோரும் அவளை மணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றோர் வைத்த பெயர் அதுவல்ல. எந்த ஓட்டுநர் எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தார், எத்தனை மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார் என்று பதிந்து வைப்பது அவள் வேலை என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். அவளைவிட மூத்தவர்கள்கூட வாய்கூசாமல் "அக்கா" என்றார்கள். அவளும் அதைத் திருத்தவில்லை. திருத்துவதற்கு வேறு எவ்வளவோ இருந்தது.

பணிமனை மேலாளர் அறைக்குப் பக்கத்தில் ஒடுங்கிய அறை அவளுடையது. ஒரு மேசை, ஒரு கணினி, ஓட்டுநர்கள் தலையை நீட்டிப் பேசக் கம்பியில்லாத ஒரு சின்ன ஜன்னல். எந்த நேரமும் டீசல் வாடை. ஒரு பக்கம் தாழ்ந்துபோன நாற்காலியில் நாளெல்லாம் உட்கார்ந்து, சாயங்காலம் எழுந்திருக்கும்போது இடுப்பு எழுந்திருக்காது. அவள் மட்டும் எழுந்திருப்பாள்.

அவளுடைய கணவரும் அதே பணிமனையில் ஓட்டுநர். வாய் திறக்காத மனிதர். கூட வேலை செய்கிறவர்கள் அவரை ஊமைக்கோட்டான் என்று கேலி செய்வார்கள். அதற்கும் அவர் பதில் சொல்வதில்லை. அவளுக்கு வேலை கொடுத்தபோதே நிர்வாகம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: கணவருடைய நேரத்தை அவள் பதியக் கூடாது. அவர் வருவதையும் போவதையும் வாயிற்காவலர் தனியாகப் பதிவார். மொத்தம் மட்டும் அவள் கணக்கில் தானாக வந்து சேரும். அந்த நிபந்தனையை அவள் கருவறை வாசற்படிபோல் தாண்டாமல் காத்து வந்தாள்.

ஆட்கள் போதாத பணிமனை அது. யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வண்டியை இன்னொருவர் தன் டூட்டிக்கு மேல் ஓட்ட வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்தைக் காலாண்டு முழுக்கக் கூட்டிக்கொண்டே வருவார்கள். யாருக்குக் குறைவோ அவருக்கே அடுத்த கூடுதல் டிரிப். சம்பளக் கணக்கு இதில் சேராது. அது தலைமை அலுவலகத்தில் வேறு வழியாக நடந்தது. இந்தப் பட்டியல், அடுத்து யார் முதுகு ஒடிய வேண்டும் என்பதை முடிவு செய்ய மட்டும்தான். திங்கட்கிழமைதோறும் அவள் அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவாள்.

இந்தக் காலாண்டில் தலைமை அலுவலகம் படிவத்தை மாற்றியது. மொத்த நேரம் ஒரே கட்டத்தில் இருக்கக் கூடாதாம். மணி ஒரு கட்டம், நிமிடம் ஒரு கட்டம். அவள் கணினியின் சூத்திரப் பட்டியலைத் துழாவினாள். ஹவர், மினிட், செகண்ட் என்று மூன்று வரிசையாக இருந்தன. நேரத்தை அதனிடம் கொடுத்தால் அதிலிருந்து மணியைத் தனியாக, நிமிடத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தது. ஏழே முக்கால் மணி நேரத்தைக் கொடுத்துப் பார்த்தாள். ஏழு ஒரு கட்டத்திலும் நாற்பத்தைந்து மறு கட்டத்திலும் வந்து உட்கார்ந்தன. இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியம். தாளின் அகலம் போதாததால் பழைய மொத்தக் கட்டத்தை மறைத்துவைத்தாள்.

புதுப் படிவத்தின் முதல் பட்டியலில் எல்லோருக்கும் ஐந்து, ஆறு என்று இருந்தது. அவள் கணவருக்கு ஒன்று.

ஜன்னலில் முதலில் தலையை நீட்டியவர் ரேடியோ. வாயை மூடவே தெரியாத ஓட்டுநர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"அக்கா, வீட்டுக்காரருக்கு ஒண்ணே ஒண்ணா? நல்லா இருக்கு. நாங்களும் ஒரு மணியக்காவைக் கட்டிக்கிட்டிருந்தா இப்படி நாய்ப் பொழப்பு பொழைக்க வேண்டாம்."

"அவர் கணக்கை நான் தொடுறதே இல்லை. கேட்ல கேளுங்க."

"நான் என்ன சொல்லிட்டேன்? கொடுத்து வச்சவரு, அவ்வளவுதான்."

வெளியே சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. அப்போதுதான் மேலாளர் மாறியிருந்தார்; முந்தையவர் யாரை எங்கே அனுப்பினார் என்று புது மேலாளருக்குத் தெரியாது. பட்டியலைப் பார்த்தார், ஊமைக்கோட்டானுக்கு டிரிப் போட்டார். அடுத்த வாரமும் அவருக்கே. அதற்கடுத்தும் அவருக்கே. அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் ரேடியோ சொன்னது உண்மையாகிவிடும்.

கணவர் வீட்டுக்கு வந்ததும் ஒரு காலில் ஷூவோடு கட்டிலில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போனார். சாப்பிடும்போது கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. ஒருநாள் அவராகவே பேசினார். அதுவே பெரிய செய்தி.

"இந்தத் தடவை நான்தான் எல்லாரையும்விட அதிகமா ஓடுறேன்."

"பட்டியல்ல அப்படி இல்லீங்களே."

"எப்படி இருக்கு?"

"எல்லாரையும்விடக் கம்மி நீங்கதான்."

அவர் தட்டில் மிஞ்சியதை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, "சரி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

அந்த "சரி" அவளை அரிக்கத் தொடங்கியது. அநியாயம் நடந்திருந்தால் மனுஷன் சண்டை போடுவான். மறைக்க ஏதாவது இருந்தால்தான் சரி என்பான். அவர் தாமதமாக வந்த நாட்களை அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். எப்படிக் கூட்டினாலும் பட்டியலில் இருப்பதைவிட ஏகப்பட்டது மிஞ்சியது. அந்த நேரமெல்லாம் டூட்டி என்றுதான் அவர் சொல்லியிருந்தார். டூட்டி என்றால் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லையென்றால் டூட்டி இல்லை. பதினெட்டு வருஷம் நேரம் எழுதியவளுக்கு இதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

கேட்கவும் வாய் வரவில்லை. துவைக்கப் போடும் சட்டையை முகர்ந்து பார்த்தாள். டீசலும் வியர்வையும்தான். வாயிற்காவலரிடம் போய்க் கணவருடைய பதிவைத் திறந்து காட்டச் சொல்லலாம்தான். புருஷனை வேவு பார்க்கிறாள் என்று பணிமனை முழுக்கப் பரவும். முகர்ந்த சட்டையை வாளியில் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த சட்டையையும் முகர்ந்தாள்.

கணவருடைய அக்கா ஒருநாள் வந்தார். தம்பி தூங்குவதைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார்.

"அம்மாடி, என் தம்பிக்குக் கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிடுச்சு. யாரு அவனுக்கு இப்படி டூட்டி போடுறது?"

"மேலாளர்தான் அண்ணி."

"மேலாளருக்குப் பட்டியல் எழுதித் தர்றது யாரு?"

அவள் டீயை ஆற்றினாள்.

"நீ அவனுக்குப் பொண்டாட்டியா, மேஸ்திரியா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான் அண்ணி."

"உன் சட்டத்தைக் கொண்டுபோய் அடுப்புல போடு. நாளைக்கு அவன் கண்ணசந்து வண்டியை எதுலயாவது கொண்டுபோய் விட்டான்னா, உன் பட்டியலா வந்து நிக்கும்?"

அண்ணி டீயைக் குடிக்காமலே போனார். அவர் சொன்னது அவளுக்குள் தைத்தது. ஆனால் உறுத்திக்கொண்டிருந்த இன்னொன்றை அண்ணியிடம் சொல்ல முடியாது: உங்க தம்பி வண்டி ஓட்டித்தான் களைக்கிறாரா என்று எனக்கே தெரியலை.

காலாண்டு முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை அவள் பட்டியலை ஒட்டிவிட்டு வந்து உட்காரக்கூட இல்லை. ஜன்னலில் ரேடியோ.

"அக்கா, எனக்கு ஏதாவது பாவமன்னிப்பு குடுத்துட்டீங்களா?"

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. என்ன?"

"போன வாரம் எனக்கு இருபத்து மூணு. நடுவுல ஒரே ஒரு டிரிப் போயிட்டு வந்தேன், ரெண்டு மணி நேரம். இப்ப ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"இருபத்தஞ்சுன்னு இருக்கும். கண்ணாடியைப் போட்டுப் பாருங்க."

"போட்டுத்தான் பார்த்தேன். ஒண்ணுதான். நாளைக்கு விடியக்காலையில ரெண்டு லாங் டிரிப் இருக்காம், இருக்கறதுலயே கம்மி நானும் உங்க வீட்டுக்காரரும்தானாம். ஓட ஓடக் கொறையுதுன்னா, அப்புறம் ஓடாம இருந்தா ஏறுமா?"

அவள் திரையைப் பார்த்தாள். ரேடியோவின் பெயருக்கு எதிரே ஒன்று. நிமிடம் பத்து. நிமிடம் சரியாகவே இருந்தது. இத்தனை வாரமும் நிமிடங்கள் ஒன்றுகூடத் தப்பியதில்லை. அதனால்தான் மணியையும் அவள் சந்தேகப்படவில்லை.

மறைத்துவைத்திருந்த மொத்தக் கட்டத்தை வெளியே எடுத்தாள். புதுப் படிவத்துக்கு மாற்றியபோது அது காட்டும் முறையும் மாறிப்போயிருந்தது; அங்கேயும் ஒன்று பத்து. நேரம்போல் காட்டாதே, உள்ளே இருக்கும் எண்ணை அப்படியே காட்டு என்று மாற்றினாள். வரிசை முழுக்கப் புள்ளி வைத்த எண்களாக மாறியது. மேலே இருந்தவர்களுக்கெல்லாம் புள்ளிக்கு முன்னால் சைபர். ரேடியோவுக்கு ஒன்று.

"ஒண்ணு என்ன?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

"அதைத்தான் நானும் கேக்கறேன்" என்றார் ரேடியோ.

ஒரு நாள். கணினிக்கு முழு எண் என்றால் முழு நாள். புள்ளிக்குப் பின்னால் வருவதுதான் நாளின் மிச்சம். இருபத்தைந்து மணி நேரத்தை அது ஒரு நாளும் ஒரு மணியும் என்று வைத்திருக்கிறது. ஹவர் என்று கேட்டால் நாளைத் தள்ளிவிட்டு மிச்சத்தில் இருக்கும் மணியை மட்டும் சொல்கிறது. சுவர்க் கடிகாரத்திடம் கேட்டால் அதுவும் அப்படித்தானே சொல்லும். அவள் கேட்டது "எத்தனை மணி நேரம்" என்று. அது சொன்னது "எத்தனை மணி" என்பதற்கான பதில். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கும் தெரிந்த வித்தியாசம்.

அவள் விரல் வரிசையில் கீழே இறங்கியது. சைபர், சைபர், சைபர். கணவருடைய பெயரில் வந்து நின்றது. ஒன்று, புள்ளி, அதற்குப் பின்னால் ஏதேதோ.

மொத்தத்தை இருபத்து நான்கால் பெருக்கி, முழு எண்ணை மட்டும் எடுக்கும்படி சூத்திரத்தை மாற்றி எழுதினாள். ரேடியோவுக்கு இருபத்தைந்து வந்தது. பதினைந்து என்று அவள் இன்று ஒட்டியிருந்த கணவருக்கு முப்பத்தொன்பது. முதல் பட்டியலில் அவருக்கு இருந்த ஒன்றும் இருபத்தைந்துதான்.

அந்த ஒரு நாளைத்தான் அவள் சட்டைகளில் தேடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, முகம் ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"நீங்க போங்க. நாளைக்கு உங்களுக்கு டிரிப் இல்லை" என்று எழுந்தாள்.

மேலாளர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவரும் தூங்கிப் பல நாள் ஆனவர்போல் இருந்தார்.

"இதையெல்லாம் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாச்சேம்மா. இப்பப் போய்த் தப்புன்னா என் தலைதான் உருளும். காலாண்டு முடியட்டும், புதுசுல சரியாப் போட்டுக்கலாம்."

"நாளைக்குக் காலையில வண்டியை எடுக்கணும் சார். அவர் எடுக்கற நிலைமையில இல்லை."

"உங்க வீட்டுக்காரர்ங்கறதால மாத்துறீங்கன்னு பேசுவாங்க."

"இவ்வளவு நாளும் வீட்டுக்காரர்ங்கறதால சலுகைன்னு பேசினாங்க. அதைக் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன். இதையும் கேட்டுக்கறேன்."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "தப்பு உங்களோடதுன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு ஒட்டுங்க. நான் போட மாட்டேன்."

"என்னோடதுதானே சார்" என்றாள்.

பழைய பட்டியலைக் கிழிக்கும்போது சுவரில் பசை பாதித் தாளைப் பிடித்துக்கொண்டது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். அடியில், சூத்திரத்தை நான் தவறாகப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாள். நாலைந்து ஓட்டுநர்கள் கூடினார்கள். விடியற்கால டிரிப்புக்கு இப்போது தன் பெயர் வந்திருப்பதைக் கண்ட ஒருவர், "நல்லாத்தான் கண்டுபிடிச்சாங்கய்யா, என் தூக்கத்துல மண்ணைப் போட" என்று முணுமுணுத்தார். ரேடியோ மட்டும் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தொன்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் கணவர் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து ஷூவுக்குக் குனிந்தார். அவள் தரையில் உட்கார்ந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள். கல்யாணமானதிலிருந்து செய்யாத காரியம். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"நாளைக்கு உங்களுக்கு டிரிப் இல்லை. இந்தக் காலாண்டு முழுக்க இனி இல்லை."

"ஏன்?"

சொன்னாள். நாளையும் மணியையும் கணினி எப்படிப் பிரிக்கிறது, தான் எதைக் கேட்டோம், அது எதைச் சொன்னது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கண்ணை மூடியபடி இருந்தார். கேட்டாரா, தூங்கிவிட்டாரா என்றுகூட அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"ஆக, என் கணக்குல ஒரு நாள் காணாமப் போயிருந்துச்சு" என்றார்.

"ஆமாங்க."

"அந்த ஒரு நாள் நான் எங்க இருந்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தே?"

டூட்டியில்தான் என்று சொல்லிவிடலாம். சின்னப் பொய். யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி எழுதியே பழகிய வாய் அதற்கு இடங்கொடுக்கவில்லை.

"தெரியலைங்க" என்றாள். "நெனச்சுப் பார்க்கவே பயமா இருந்துச்சு."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டு, நீங்க பொய் சொல்லிட்டீங்கன்னா?"

வழக்கமாக அவர் பேசாமல் இருக்கும்போது அறையில் எதுவும் மாறாது. இந்தத் தடவை மாறியது. கால்களை மெல்ல மேலே எடுத்து வைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"காலையில எழுப்பாதே" என்றார்.

அவள் எழுந்து விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, ஷூக்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வெளிச்சம் கூசியதால் திரும்பிக்கொண்டாரா, தன்னைப் பார்க்கப் பிடிக்காமலா? இதையாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. "என்னங்க" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

அவர் தூங்கிப் போயிருந்தார். அவள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் தானாக எழுந்திருக்கும்வரை உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்துகொண்டாள்.