இரண்டரைக் கோட்டுத் துரையும் ஐந்து மணிக் காற்றும்

கற்பிட்டிச் சுங்கக் கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்த காலத்தில், காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஐந்து என்று நாளுக்கு மூன்று தடவை காற்றின் திசையையும் பலத்தையும் என் டயரியில் குறித்து வந்தேன். யாரும் அப்படிக் கேட்கவில்லை. பதினொரு வருடம் குறித்த பிறகு நிறுத்துவதற்கும் காரணம் இருக்கவில்லை. காற்றுக்கும் தீர்வை போடப் போகிறீரா என்று பக்கத்து மேசைக்காரர் கேட்பார். நான் குறிப்பை எழுதி முடிப்பேன்.

அந்தக் குறிப்புகள் ஒரே ஒரு தடவை ஒருவருக்குப் பயன்பட்டன. அவர் ஆங்கிலக் கடற்படையின் பீரங்கி அதிகாரி.

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மாசி மாதக் கடைசியில் ஒரு போர்க்கப்பல் சூட்டுப் பயிற்சிக்காக எங்கள் கரைக்கு வெளியே வந்து நின்றது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றார்கள்; என்னை அனுப்பினார்கள்.

முதல் நாள் லோஞ்ச் என்ற கப்பலின் சிறு படகில் அந்த அதிகாரிக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, ஒல்லாந்தர் கோட்டையின் வரலாற்றை நாற்பது நிமிடம் சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான், இடது காது பீரங்கிச் சத்தத்தில் போய்விட்டது, இனி வலப்பக்கம் இருந்து சொல்லும் என்றார். மறுநாள் அதே வரலாற்றை இருபது நிமிடத்தில் முடித்தேன்.

அவருடைய வரலாறு இன்னும் சுருக்கம். பதின்மூன்று வயதில் பயிற்சிக் கப்பலில் சேர்ந்தார். பிறகு பீரங்கிப் பள்ளி. அங்கே நடந்து போவது குற்றம், எங்கே போனாலும் ஓடவேண்டும், எதைச் சொன்னாலும் கத்தவேண்டும். யுத்தத்தில் ஒரு பெரிய கடற்சண்டையில் இருந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன். பீரங்கிக் கூண்டின் வெள்ளைச் சுவரைத் தவிர எதையும் பார்க்கவில்லை என்றார். வெற்றியா தோல்வியா என்பதை மூன்றாம் நாள் பத்திரிகையில் வாசித்தார்.

அவருடைய சட்டைக் கையில் இரண்டு தடித்த பொன் கோடுகள், நடுவில் மெல்லிய ஒன்று. எங்கள் மீனவர்கள் பார்த்தவுடனே ‘இரண்டரைக் கோட்டுத் துரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெல்லிய கோடு தடித்தால் பதவி உயர்வு. அவருக்கு இது கடைசி வருடம். மதிப்பிட வந்த அதிகாரிகள் முன் இந்தச் சூடு நன்றாக அமைந்தால் மூன்றாவது கோடு. இல்லாவிட்டால் ஓய்வூதியமும், ஊரில் அக்கா வீட்டுக் கோழிகளைப் பார்க்கும் வேலையும். எதிரிக் கப்பலைப் பற்றிச் சிரித்துக்கொண்டே பேசியவர், அக்காவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

இலக்காக ஒரு பெரிய மரத் தெப்பத்தில் கித்தான் திரை கட்டி, மூன்று நாள் முன்னதாகவே கடலில் நங்கூரமிட்டிருந்தார்கள். வியாழக்கிழமை காலை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி, கந்தோர் வாசலில் ஒட்டினேன். கையெழுத்தைப் பலர் பாராட்டினார்கள். ஆனால் கடலில் இருப்பவர்கள் கந்தோர் வாசலுக்கு வருவதில்லை. மாதா கோயில் ஞாயிறு பூசை முடிவில் சுவாமியார் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும். அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. தவறு என்னுடையது.

வியாழன் காலை ஏழு மணிக்கு லோஞ்சில் போனபோது, தெப்பத்தைச் சுற்றி எட்டு மீன்பிடி வள்ளங்கள் நின்றன. எங்கள் கரையில் கடலில் தென்னோலை கட்டி மிதக்கவிட்டு, அதன் நிழலில் மீன் சேர்த்துப் பிடிப்பது வழக்கம். அரசாங்கம் இரக்கப்பட்டு அப்படி ஒன்றைப் பெரிதாகவே செய்து தந்திருக்கிறது என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள். போதாததற்குத் தங்கள் செலவில் நாலு ஓலையும் கட்டியிருந்தார்கள். மூன்று நாளில் கீழே பாரை மீன் கூட்டம் நிறைந்துவிட்டது. வலையும் வளைத்தாகிவிட்டது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரிடம் விசயத்தைச் சொன்னேன். வள்ளத்தில் இருந்த இடத்தை விட்டு அவர் எழும்பவில்லை.

“வலை வளைஞ்சாச்சு, கிளாக்கர் ஐயா. இழுத்து முடியுமட்டும் இடையில ஆரும் வரப்படாது. என்ர தமையன் வந்தாலும் நிண்டுதான் போகவேணும். துரையும் நிக்கட்டும்.”

“எவ்வளவு நேரம்?”

“மீனைக் கேட்டுச் சொல்லுறன்.”

எட்டு வள்ளமும் சிரித்தது. நான் துரையின் வலப்பக்கம் போய் மொழிபெயர்த்தேன். மீனைக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டேன். பத்தரைக்குக் கடற்காற்று எழும், எழுந்தால் கப்பல் உருளும், குறி கெடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மதிப்பிடும் அதிகாரிகள் மறுநாள் விடியத் திருகோணமலைக்குப் போகிறார்கள். வலையை அறுக்கச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். லோஞ்சில் இருந்த மாலுமி ஒருவன் கத்தியையும் எடுத்துவிட்டான்.

துரை அவனைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தார். “குழலில் குண்டு ஏறிவிட்டால் சுட்டுத்தான் இறக்கவேண்டும். இவர்களுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. கத்தியை வை.”

பாரை அவசரப்படவில்லை. வலை ஏறி முடிந்தபோது பதினொன்றேகால். கடலெல்லாம் வெள்ளை நுரை. துரை சட்டைக் கையின் மெல்லிய கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கோழிகளை நினைத்திருப்பார்.

அப்போதுதான் மாலை ஐந்து மணிக் காற்று இருக்கிறதே என்று எனக்கு நினைவு வந்தது. வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து பதினொரு டயரிகளையும் கப்பலுக்குக் கொண்டுபோனேன். மாசிக் கடைசி வாரத்தில், ஐந்து மணிக்கு நேராக, அநேகமாக எல்லா வருடத்திலும் ஒரே குறிப்பு: ‘காற்று இல்லை’. கடற்காற்று விழுந்து கரைக்காற்று எழுமுன் உள்ள இடைவெளி அது. துரை ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். தமிழ் தெரியாதவர் எதை வாசித்தார் என்று கேட்காதீர்கள். எழுத்தின் ஒழுங்கைப் பார்த்திருக்கலாம். பிறகு கப்டனிடம் போய் மாலைவரை தவணை வாங்கிவந்தார்.

ஐந்து மணிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஐந்து ஐந்துக்கும் வீசியது. துரை என்னைப் பார்க்கவில்லை. நான் டயரிகளைக் கட்டிய கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கப்பல் மணிக்கூட்டில் ஐந்து ஒன்பதுக்கு, கொடி தளர்ந்து கம்பத்தோடு ஒட்டியது. எங்கள் கந்தோர் மணிக்கூடு ஒன்பது நிமிடம் பிந்தி ஓடுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முதல் இரண்டு குண்டுகள் தெப்பத்துக்கு அப்பால் விழுந்தன. மூன்றாவது முன்னால் விழுந்தது. நான்காவது கித்தானைக் கிழித்தது. அதன்பின் நான் எண்ணுவதை நிறுத்தினேன். என் வாழ்க்கையில் அபூர்வம். முடிவில் தெப்பம் இருந்த இடத்தில் பலகைகளும் நாலு தென்னோலையும் மிதந்தன.

கரைக்கு வந்தபோது சம்மாட்டியார் காத்து நின்றார். “நல்லாத்தான் சுடுறார். அதுக்கு, மீன் நிண்ட இடத்தையே உடைக்கிறதோ? திரும்ப ஒண்டு கட்டித் தரச் சொல்லும், ஐயா.” துரைக்கு அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அன்று பிடித்ததில் பெரிய பாரை ஒன்றை அவர் அதற்கு முன்னமே சமைக்கச் சொல்லிக் கப்பல் குசினிக்கு அனுப்பியிருந்தார்.

ஆடி மாதம் ஒரு தபாலட்டை வந்தது. மால்டாவிலிருந்து. ஒரு பக்கத்தில், மாலை ஐந்து மணி, மேல்காற்று, மிதமானது என்று மட்டும் எழுதியிருந்தது. கீழே மையால் மூன்று கோடுகள். அடிமட்டத்தை வைத்து அளந்து பார்த்தேன். மூன்றும் ஒரே தடிப்பு.