ஸ்டெல்லா கத்தினதுல பறந்துபோன பறவைங்க

பல்லுக்கு நடுவுல நறநறன்னு மண்ணு...

காத்தடிச்சா, தங்கச் சுரங்கத்துக் கழிவு மண்ணு மலையா குமிஞ்ச சைனைட் மேட்டுப் பக்கம் யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. ஸ்டெல்லா தொறப்பா. மொபெட் பின்னாடி உக்காந்து என் காதுலயே கத்துவா.

அவளும் நானும் ராபர்ட்சன்பேட்டையில ஒரு ஜெராக்ஸ் கடையில வேலை பார்த்தோம். ஒரு காலேஜ் சார் பறவை புக்கு காப்பி எடுக்க வந்தார். ஓனருக்குத் தெரியாம எங்களுக்கும் ஒரு செட் போட்டுக்கிட்டோம். அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்.

அந்த ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு மட்டம் போட்டுட்டு வந்தா. அடுத்த வாரம் அவளுக்குக் கல்யாணம், அப்புறம் ஆஸ்திரேலியா. கெளம்பறதுக்குள்ள மஞ்சத்தொண்டைச் சின்னானப் பாத்தே ஆகணும்னு ஒரே அடம். பாறைக் குன்றுங்கள்ல அபூர்வமா கண்ணுல படற பறவை அது.

மொதல்ல சைனைட் மேடு. மழை அரிச்ச பள்ளத்துல கொம்பன் ஆந்தை ஒண்ணு கண்ண மூடி உக்காந்திருந்துச்சு.

"இன்னா பெருசுடி!"

ஆந்தை எஸ்கேப்.

அடுத்து பேத்தமங்கலா ஏரி. பாம்புத்தாரா றெக்கைய விரிச்சுக் காய வெச்சுக்கிட்டிருந்துச்சு. "ஏய், அங்க பாரு!" அதுவும் எஸ்கேப்.

அவளத் திட்டி என்ன பண்றது? எங்க ரெண்டு பேர் அப்பாவும் சுரங்கத்துக்குள்ள பாறையத் தொளைக்கிற மெஷின் பிடிச்சவங்க. காது மந்தம். சுரங்கத் தொழிலாளிங்களுக்கு வரிசையா கட்டின ஸ்கெலட்டன் லைன் வீடுங்கள்ல மெதுவா பேசறதுன்னா என்னன்னே தெரியாது, கத்துனாதான் சோறு வரும்.

சாயந்திரம் பாறைக் குன்று. வாய்மேல கைய வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தா, பாவம். சின்னான் வரவேயில்ல.

எறங்கும்போது, "எனக்குக் குடுத்து வெக்கலடி. நீ பாத்தின்னா சொல்லு"ன்னா. அவ மெதுவா பேசி அன்னிக்குதான் கேட்டேன். எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இப்ப வாரம் பூரா பெங்களூரு ட்ரெயின், ஆபீஸ். ஞாயித்துக்கிழமை ஆனா தனியா கெளம்பிடுவேன். பேச ஆளில்லாததால பறவைங்க ரொம்பக் கிட்ட வருதுங்க. சொன்னா சிரிப்பீங்க... அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.

போன வாரம் அதே குன்று. எதிர்ப்பாறை மேல மஞ்சத் தலை, மஞ்சத் தொண்டை... சின்னானேதான்! ஸ்டெல்லாவுக்கு ஃபோன் போட்டேன். ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. எடுக்கல. ஞாயித்துக்கிழமையும் வேலையில இருப்பா போல.

என்னை அறியாமலேயே கத்திட்டேன்.

"ஸ்டெல்லா... வந்துருச்சுடி!"

பறந்துடுச்சு.

வாய மூடுடின்னு திட்டறதுக்குக்கூட பக்கத்துல யாருமில்ல.