நாலாவது ஆளுக்குக் கடல் வேண்டுமாம்

போனது மூன்று பேர். வந்தது நான்கு டீ.

போன வாரம் திருப்பதியில் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருக்கிற ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீஸ். நான், என் மனைவி வசந்தா, அவள் தங்கை ருக்கு. ஆபீஸில் இருந்த பெண் தட்டில் டீ கொண்டுவந்தாள். எங்கள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்தாள். நாலாவதைக் கதவோரம் இருந்த காலி நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள்.

"ஒண்ணு அதிகம்மா" என்றேன்.

அவள் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரித்துவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு எண்ணுகிற வியாதி உண்டு என்பது இந்தப் பக்கத்தை வாரா வாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். பந்தியில் உட்கார்ந்தால் இலைகளை எண்ணுவேன். துணி காயப்போட்டால் கிளிப்புகளை எண்ணுவேன். அப்படிப்பட்டவன் முன்னால் ஒரு டீ கூடுதலாக ஆறிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

சரி, டிராவல்ஸுக்கு ஏன் போனோம்? சித்தூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் வேலை தேடி பெங்களூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறியபோது, என் மகன் சேகர் மட்டும் கென்யாவுக்கு விமானம் ஏறினான். நைரோபியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். "வாங்க நைனா, சிங்கம் காட்றேன். சித்தியையும் கூட்டிக்கினு வாங்க" என்று போன் பண்ணிக்கொண்டே இருந்தான். மஸாய் மாரா, நகூரு ஏரி, ஒரு மஸாய் கிராமத்தில் ஆட்டம் பாட்டம்... இதற்கெல்லாம் திட்டம் போட வேண்டிய பொறுப்பு என் தலையில்.

திட்டம் என்றால் எனக்குக் கவலை என்று பொருள். சிங்கம் ஜீப் பக்கத்திலேயே வந்து படுக்குமாமே — ஜன்னலுக்குக் கண்ணாடி உண்டா? மஸாய் வீட்டில் மாட்டு ரத்தம் கலந்த பாலை நீட்டினால், வேண்டாம் என்று சொல்வது மரியாதைக் குறைவா? தயிர் கிடைக்குமா? என் வயசுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி தாங்குமா?

"ஸார், சிங்கத்துக்கு ஜீப்பு மொத்தமா ஒரே பிராணி. உள்ள இருக்கறவங்கள தனித்தனியா எண்ணாது" என்றாள் அந்தப் பெண்.

எண்ணத் தெரியாத ஒரு மிருகத்தை நம்பி எப்படிப் போவது? நீங்களே சொல்லுங்கள்.

திரும்பும்போது சித்தூர் பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்காளும் தங்கையும் இரண்டு பேர் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். ருக்குவின் கைப்பைக்கு மடியில் இடமில்லை. அதை வாங்கி, நான் உட்கார்ந்த மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரமாக வைத்தேன். நடுவில் ஓர் இடம். நிற்கிறவர்களில் யாராவது வந்து உட்காரத்தானே வேண்டும்? உட்காரவில்லை. பூக்கூடையோடு ஒரு அம்மாள் வந்தாள். நான் கால்களை ஒதுக்கிக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வேணாம்பா. பெரியவரு கொஞ்சம் தாராளமா குந்தியிருக்காரு. பாவம், குந்தட்டும்."

சொல்லிவிட்டுப் பின்னால் போய்விட்டாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன் — நான் குந்தியிருந்தது வழியோரம். அவள் பார்த்தது ஜன்னலை.

மறுநாள் கொட்டேஷன் வந்தது. நாலு பேருக்கு! அதுவும் நாங்கள் கேட்காத ஊர் ஒன்று கடைசியில் ஒட்டியிருந்தது — மொம்பாஸா. கடற்கரை ஓட்டல். எனக்குக் கோபம் வராதா? உடனே போன் போட்டேன்.

"நாங்க மூணு பேரும்மா."

"ஏன் ஸார், அந்த பெத்தாயன வரலையா?" பெரியவரை அவள் தெலுங்கில்தான் சொல்வாள்.

"எந்தப் பெரியவர்?"

"உங்ககூட வந்தாரே ஸார். டோர் பக்கத்துல குந்திக்கினு இருந்தாரே. நீங்க லெட்ரின் எங்கன்னு கேட்டுப் போனீங்க, மேடமுங்க ரெண்டு பேரும் செவுத்துல இருக்கற மேப்பு பாத்துக்கினு இருந்தாங்க. அப்ப என்கிட்ட கேட்டாரு, 'போற வழியில சமுத்திரம் வருதாம்மா?'ன்னு. வராது, வேணும்னா சேர்க்கலாம்னேன். 'சேர்த்துடு தல்லி'ன்னாரு. அதான் சேர்த்தேன்."

கொட்டேஷனில் இருந்த ஆள் கணக்கை இன்னொரு தடவை பார்த்தேன்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"இல்ல ஸார். ரொம்ப சின்னக் கொரலு. தொண்ட காஞ்சி போன மாதிரி. டீ ஆறிப்போவுது, சீக்கிரம் குடிங்கன்னேன். 'டீ வேணாம், தண்ணி இருந்தா போதும்'னாரு. நான் கொண்டாரதுக்குள்ள நீங்கள்லாம் கெளம்பிட்டீங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். உங்கள் வீட்டிலும் இருக்கும். வேறு வழியில்லை என்றால் ஒரு கல்லை எடுத்துக் கூட வைத்துக்கொள்வார்கள். அந்தக் கல்தான் நாலாவது ஆள். காரியம் முடிந்து வீடு திரும்புகிற வரைக்கும் அது கூடவே இருக்கும். திருப்பதிக்குக் கிளம்பிய காலையில் ருக்குவும் ஒரு கல்லைக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். வழவழவென்று, உள்ளங்கை அளவு. நான் கேலி செய்தேன். "இதுக்கும் விசா எடுக்கணுமா?" என்று கேட்டேன். சென்னை ஏர்போர்ட்டில் கைப்பையைத் திறந்து, இது என்ன என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அப்போது என் கவலை.

போன் பேசிய அன்று மத்தியானமே ருக்குவை வீட்டுக்கு வரச் சொன்னேன். பக்கத்துத் தெருதான். கைப்பையோடு வந்தாள். மேஜைமேல் வைத்தாள்.

"அந்தக் கல்ல எங்கம்மா எடுத்த?"

ருக்கு கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். வசந்தா அவள் தோளைத் தொட்டாள். "இன்னாடி, மாமா கேக்கறாரில்ல?"

"ஆத்துலருந்து."

எங்கள் ஊர் ஆறு நீவா. ஆறு என்று பெயர்தான். மணலும் முள்ளும்தான் ஓடும். அதன் கரையில் ஓர் இடத்தில் காரியம் செய்வார்கள். செத்தவரை ஒரு கல்லில் வரவழைத்து, பத்து நாளும் அதற்குத் தண்ணீர் வார்த்து, கடைசியில் அந்தக் கல்லை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? ஒரு குடம் தண்ணீரை மணலில் ஊற்றி, அந்த ஈரத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். போன வருஷம் ருக்குவின் வீட்டுக்காரர் தேசப்பனுக்கும் அப்படித்தான் செய்தோம். லாரி டிரைவர். இங்கே மாங்கூழ் ஃபாக்டரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு லோடு அடித்தவர். சேகர் முதலில் கூப்பிட்டது எங்கள் நாலு பேரைத்தான். தேசப்பன் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அதற்குள் மாரடைப்பு.

"அவரத் தேடிக்கினுதான் போனேன் மாமா" என்றாள் ருக்கு. "நாலு பேரா போறதுன்னு சொல்லிக்கினு இருந்தோமில்ல? வச்ச எடம் எனக்குத் தெரியும். ஆனா அங்க அந்த மாரி கல்லு அவ்ளோ கெடக்குது. பூசின மஞ்சளு எல்லாம் வெயில்ல போயிடுச்சி. எது யாருன்னு ஒண்ணும் தெரியல. இதான்னு மனசுக்குப் பட்டுச்சி... எடுத்துக்கினேன்."

அங்கே எத்தனை கற்கள் கிடந்தன என்று நான் கேட்கவில்லை. எண்ணிக்கை தெரியாமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றியது அநேகமாக அதுதான் முதல் தடவை.

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று டிராவல்ஸ் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். "தேசப்பன்தாம்மா வந்திருக்காரு. கடலப் பார்க்கணும்னு கேட்டிருக்காரு."

ருக்குவின் முகம் மாறிவிட்டது.

"அவரு இல்ல மாமா."

"எப்படிச் சொல்ற?"

"வாரத்துல பாதி நாளு மெட்ராஸ் ஆர்பர்ல கெடந்தவரு. கடல் காத்து பட்டுப் பட்டு வண்டி துருப்புடிக்குதுன்னு திட்டிக்கினே வருவாரு. அவரு போயி, கடல் வருதாம்மான்னு கேப்பாரா? கொரலும் இல்ல. அவரு பேசினா தெருமுனைக்குக் கேக்கும்."

மூன்று பேரும் மேஜைமேல் இருந்த கைப்பையைப் பார்த்தோம். வெளியே நல்ல வெயில். பால்காரர் சைக்கிள் மணி கேட்டது. ஆனாலும் வசந்தா எழுந்து போய் விளக்கைப் போட்டாள்.

"இன்னிக்கே எடுத்துக்கினு போயி, எடுத்த எடத்துலயே போட்டுட்டு வந்துரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "யாரு எவருன்னு தெரியாத ஆள..."

"ஆமான்டி" என்றாள் வசந்தா. "வேணும்னா வாசல்ல கெடக்குது பாரு ஜல்லி, அதுல ஒண்ணு எடுத்துக்கலாம். நான் என் புள்ளய பாக்கப் போவணும்டி. எனக்கு பயமா கீது."

ருக்கு கைப்பையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணிக்குக் காத்துக்கினு கெடந்தவரு. பாதி வழியில மறுபடியும் அந்த மணல்ல எறக்கி உடச் சொல்றீங்களா? அதுக்கு நான் வரல மாமா. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

பிறகு அவளே மெதுவாகச் சொன்னாள்.

"நான் இவர அவருன்னு நெனச்சி எடுத்துக்கினு வந்துட்டேன். அதே மாரி எவளாவது வந்து, தன் வூட்டுக்காரருன்னு நெனச்சி அவர எடுத்துக்கினு போமாட்டாளா? அவ பாதியில எறக்கி உட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

வசந்தா உள்ளே போனாள். பயந்துபோய்ப் படுத்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சொம்பு தண்ணீரோடு வந்தாள். கைப்பைக்குப் பக்கத்தில், மேஜைமேல் வைத்தாள். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் டிராவல்ஸுக்கு மறுபடியும் போன் போட்டேன்.

"டிக்கெட் மூணு பேருக்குத்தாம்மா. ஆனா மொம்பாஸா இருக்கட்டும். அப்புறம் சஃபாரி வண்டியில ஜன்னலோரம் ஒரு சீட்டு காலியா வைக்கச் சொல்லு."

"அப்ப பெத்தாயன வராரா ஸார்! நல்லது. அவரு பேரு இன்னா?"

"தெரியாதும்மா."



உல்லாசப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று ஆளுக்கு ஆள் யோசனை சொல்கிறார்கள். தொப்பி, பைனாகுலர், ஊறுகாய், வயிற்றுப்போக்கு மாத்திரை... யாரை அழைத்துப் போக வேண்டும் என்பதை மட்டும் நாம்தான் தீர்மானிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லையா?

மஞ்சள் காய்ச்சல் ஊசி மட்டும் மூன்று பேருக்குத்தான் — நாலாமவருக்கு இனிமேல் எந்தக் காய்ச்சலும் வராது.