ஆவூர்ப் பக்கம் ஒரு பிரெஞ்சுப் படம்

சென்னையில் இருக்கும் ஓர் ஏலக் கம்பெனிக்குப் படங்களை மதிப்பிட்டுச் சொல்வது என் வேலை. திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் செய்கிறேன். அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது லீவில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. லேப்டாப்பைத் திறந்தால் யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்கிய படங்கள் வந்து நிற்கும். அதே ஓவியரின் படம் இதற்கு முன் எந்த ஏலத்தில் என்ன விலைக்குப் போனது என்று தேடி, ஒரு கீழ்விலையும் ஒரு மேல்விலையும் எழுதி அனுப்ப வேண்டும். ஆரம்பத்தில் படத்தைப் பார்ப்பேன். இப்போது கண் நேராக ஓரத்துக்குத்தான் போகிறது. கையெழுத்து இருக்கிறதா, கறை இருக்கிறதா, அவ்வளவுதான்.

போன கோடையில் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். "மேடம், உங்க ஊர்ப் பக்கமே ஒண்ணு வந்திருக்கு. நேர்லயே பார்த்துடுங்களேன்."

போட்டோவைத் திறந்தேன். சிவப்பும் மஞ்சளுமாகச் சதுரங்கள், நடுவே தடித்த கறுப்புக் கோடுகள், ஒரு சதுரம் மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. பாரிஸ் ஏலங்களில் அடிக்கடி வரும் ஒரு பிரெஞ்சு ஓவியருடையது. அது ஆவூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு எப்படி வந்தது என்று வியந்திருக்க வேண்டும். இந்த வெயிலில் பஸ்ஸில் போக வேண்டுமே என்றுதான் தோன்றியது.

அந்த வீட்டில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பாரிசில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். கம்பெனிக்குப் போட்டோ அனுப்பியது தம்பி. அதே ஓவியரின் படம் ஒன்று பெரிய விலைக்குப் போனதைப் போனில் பார்த்திருக்கிறார்.

"கோடிக்குப் போயிருக்குங்க மேடம். நானே பார்த்தேன்" என்றார், நான் உட்காருவதற்கு முன்பே.

"அது அவர் கையால வரைஞ்ச ஓவியங்க. இது அச்சு. இதே மாதிரி நிறையப் போட்டிருப்பாங்க" என்றேன். எத்தனையோ வீடுகளில் சொன்ன வாக்கியம். சொல்லும்போதே வாய் சோர்ந்துபோகிறது.

பிரேமைக் கழற்றினேன். கீழே ஓவியரின் பென்சில் கையெழுத்து சரியாக இருந்தது. ஆனால் பின்னால் வைத்து அடித்த பலகையின் கறை தாளில் இறங்கியிருந்தது. ஜன்னல் வெயில் பட்டு மஞ்சள் வெளுத்து, வேட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. இப்படி வெளுத்த பிரதிகள் ஏலத்தில் கேட்பாரில்லாமல் திரும்பியதையும் நான் பார்த்திருக்கிறேன். விலையைச் சொன்னேன். சுமாரான பழைய பைக் ஒன்று வாங்கலாம்.

தம்பியின் முகம் விழுந்துவிட்டது. படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவுதானா? அப்ப இருக்கட்டும்க்கா. வீட்டுக்கு அழகாத்தானே இருக்கு."

வழக்கமாகக் கேட்க வேண்டிய கேள்வியை அக்காவிடம் கேட்டேன். "இது ஒங்க கைக்கு எப்படிக்கா வந்துச்சு?"

"அந்தம்மா எறந்தப்ப அவங்க மக வீட்டைக் காலி பண்ணுனாங்க. ஞாபகமா ஏதாச்சும் ஒண்ணு எடுத்துக்கன்னு சொன்னாங்க. எனக்கு வந்த பிரெஞ்சு அடுப்படியோட சரி. கையைக் காட்டுனேன்."

"இந்தப் படத்தையா?"

"படத்துக்குக் கீழ ஒரு தையல் மிஷின் இருந்துச்சுங்க. அதைத்தான் காட்டுனேன். அவங்க அழுதுக்கிட்டே படத்தைக் கழட்டி என் கையில குடுத்து, கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. நான் என்னத்தைச் சொல்றது?"

தம்பி வாயைத் திறந்தபடி நின்றார். "இத்தனை வருஷமா நீ சொல்லவே இல்லையேக்கா."

"நீங்க எல்லாரும் ஃபாரின் படம்னு வாரவங்ககிட்டல்லாம் காட்டிக்கிட்டு இருந்தீங்க. எப்படிச் சொல்ல?" என்னிடம் திரும்பினார். "எடுத்துட்டுப் போங்க. இதைப் பார்த்தா அந்தம்மாவைத் தூக்கி உக்கார வைக்கிறதும், துணி மாத்துறதும்தான் கண்ணு முன்னால வருது. என்ன விலைக்குப் போனாலும் சரி."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. வீட்டில் அம்மாவை அன்று காலை நான்தான் தூக்கி உட்கார வைத்துவிட்டு வந்திருந்தேன்.

படத்தைப் பற்றிய குறிப்பில் 'பாரிசில் ஒரு வீட்டிலிருந்து அன்பளிப்பாக வந்தது' என்று எழுதினேன். அது உண்மைதான். ஏலம் ஆன்லைனில் நடந்தது. மத்தியானம் அம்மாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து பார்த்தேன். இரண்டே பேர் கேட்டார்கள். கீழ்விலைக்குக் கொஞ்சம் மேலே போய் முடிந்தது.

சாயங்காலம் போன் செய்தேன். அக்கா விலையைக்கூட முழுசாகக் கேட்காமல் போனைத் தம்பியிடம் கொடுத்தார். அவர் ரூபாயா யூரோவா என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, பெருமூச்சோடு போனை அக்காவிடமே தந்தார்.

"அலைஞ்சதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றார் அக்கா. பிறகு, "ஒங்களுக்கு இந்த வேலை புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "பழகிப்போச்சுக்கா" என்றேன்.

"ம். அங்க எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

நான் போனை வைப்பதற்குள் கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன்.