கைக்கு அடக்கமான துப்பாக்கி

என் கைக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும் என்பது கலிஃபோர்னியா டப்ளினில் இருக்கும் தமிழ் ஆண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. என்னை மட்டும்தான் யாரும் கேட்கவில்லை.

கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மூட்டுகள் வீங்கி, பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிப்பதே பெரும்பாடு. வெந்நீரில் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தால்தான் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றபடி ஊசி போட்டுக்கொள்கிறேன், ஆபீஸ் வேலை பார்க்கிறேன், சமைக்கிறேன், ஃப்ரீவேயில் கார் ஓட்டுகிறேன். குக்கர் மூடியைத் திருகுவதும் ஊறுகாய் பாட்டிலைத் திறப்பதும்தான் ஆகாது. பாட்டிலை நீட்டினால் என் கணவர் ஒரே திருகில் திறந்து கொடுப்பார். கொடுத்துவிட்டு, ஏதோ மலையைப் புரட்டி வைத்தவர் மாதிரி ஒரு பார்வையும் பார்ப்பார்.

அந்த வருடம் எங்கள் பக்கத்தில் இந்தியர் வீடுகளாகப் பார்த்துத் திருடினார்கள். நம் ஆட்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று திருடனுக்குத் தெரியும். வாசலில் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்கினால் போதும், வேறு விசாரணையே வேண்டாம். பட்டப்பகலில் வருவார்கள், மணியடித்துப் பார்ப்பார்கள், யாரும் திறக்காவிட்டால் பின்பக்கக் கண்ணாடிக் கதவை உடைப்பார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. அந்த நேரம் பார்த்துக் கோயம்புத்தூரில் என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று முடிவானது. கணவர் இரண்டு மாதம் அங்கே போய் இருந்தாக வேண்டும். மகள் காலேஜ் ஹாஸ்டலில். ஊசியையும் வேலையையும் விட்டுவிட்டு என்னால் கிளம்ப முடியாது. ஆக, அந்த வீட்டில் நான் மட்டும். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. தபால் போடுகிறவர் வாசலுக்கு வந்தால்கூடத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

என் பயத்துக்கு என் கணவர் கண்டுபிடித்த மருந்துதான் துப்பாக்கி. கராஜில் சிலந்தியைப் பார்த்தால் என்னைக் கூப்பிடுகிற மனிதர் அவர்.

"நான் இல்லாதப்ப உன் கையில ஏதாவது ஒண்ணு இருக்கணும்ல," என்றார்.

"என் கையில எதுங்க நிக்குது? கரண்டியே நழுவுது."

"அதுக்குத்தான் சின்னதா வாங்கலாம்ங்கறேன். கைக்கு அடக்கமா."

எங்கள் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் தனியாக யோசித்து வாங்க மாட்டோம். மாம்பழப் பெட்டியோ சோலார் பேனலோ, முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். பத்துப் பேர் கருத்து சொல்வார்கள், ஒருவர் எக்செல்லில் அட்டவணை போடுவார், கடைசியில் எல்லோரும் ஒரே மாடலை வாங்கி ஒரே மாதிரி அவதிப்படுவோம். துப்பாக்கிக்கும் அதே மரியாதை கிடைத்தது. என் கை பொதுச் சொத்தாகிவிட்டது. ஆள்காட்டி விரல் எத்தனை இஞ்ச் என்று ஒருவர் கேட்டிருந்தார். உள்ளங்கையைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தார் இன்னொருவர், என்னமோ ஜோசியம் பார்ப்பதைப் போல. இத்தனை நிபுணர்களில் துப்பாக்கியைத் தொட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. காலேஜில் என்.சி.சி.யில் இருந்ததாக ஒருவர் பீற்றிக்கொண்டார். அவர் சேர்ந்ததே அணிவகுப்பு முடிந்ததும் கொடுக்கிற பூரிக்காகத்தான் என்று அவர் மனைவி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

அட்டவணை போட்டவர் என் கணவரோடு சான் ஹோசேயில் வேலை பார்க்கிற நண்பர். ஞாயிற்றுக்கிழமை லிவர்மோர் கோயிலில் எங்களைப் பிடித்துவிட்டார். தரிசனம் முடிந்து கையில் புளியோதரைத் தட்டோடு வெளியே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். மனிதர் போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அண்ணி, ஃபுல்லா அனலைஸ் பண்ணிட்டேன். வெயிட் கம்மி, சைஸ் கம்மி. உங்க கைக்கு இதுதான் கரெக்ட். ஹேண்ட்பேக்ல போட்டா இருக்கறதே தெரியாது."

"நீங்க சுட்டுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க அண்ணி. ரிவ்யூ எல்லாம் படிச்சாச்சு."

"எனக்குச் சின்ன மூடிதான் திறக்க வராது. பெரிய மூடின்னா எப்படியாவது முழுக் கையால பிடிச்சுத் திருகிடுவேன். துப்பாக்கி மட்டும் சின்னதா இருந்தா எப்படிங்க வரும்?"

"அது கிச்சன் டிபார்ட்மென்ட் அண்ணி, இது வேற," என்று சிரித்தார். என் கணவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயிலாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு புளியோதரையைத் தின்றேன்.

கலிஃபோர்னியாவில் துப்பாக்கியைக் கத்தரிக்காய் மாதிரி வாங்கிவிட முடியாது. எழுத்துத் தேர்வு உண்டு. யார் பெயரில் வாங்குகிறோமோ அவரே எழுத வேண்டும், கடைக்காரர் எதிரே அதைப் பாதுகாப்பாகக் கையாண்டும் காட்ட வேண்டும். எனக்கு வேண்டியதை எல்லாம் என் சார்பில் அவரே செய்து முடித்துப் பழகிய என் கணவருக்கு இந்தச் சட்டம் பிடிக்கவே இல்லை. இரண்டு பேருமே தேர்வு எழுதினோம். அவர் பப்ளிக் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார். என்னைவிடக் குறைவாக வாங்கியதும், கேள்விகளை வேண்டுமென்றே குழப்பி வைத்திருக்கிறார்கள் என்றார்.

கடையில் இருந்தவர் தாடிக்காரர், நல்ல ஆகிருதி. துப்பாக்கி எனக்குத்தான் என்று சொன்ன பிறகும் என் கணவரைப் பார்த்தே பேசினார். பெண்களுக்கென்றே வந்தது என்று கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குட்டித் துப்பாக்கியை எடுத்து வைத்தார். இளஞ்சிவப்பு நிறம். எங்கள் நண்பரின் அட்டவணையில் முதலிடம் பிடித்த அதே மாடல். என் கணவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு, பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகம் பொருந்தியது போல.

துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே ஏறும். இழுத்தேன். நூலளவுகூட நகரவில்லை. சின்னத் துப்பாக்கிக்குள் இருக்கிற ஸ்பிரிங் அவ்வளவு விறைப்பு. பிடித்துக்கொள்ளவும் இடமில்லை, இரண்டு விரல் நுனிதான் அதில் உட்காருகிறது. மறுபடி இழுத்தேன், கட்டைவிரல் மூட்டில் சுரீரென்றது.

"நீ சரியா ட்ரை பண்ணல. இங்க குடு," என்று என் கணவர் வாங்கினார். ஒரே இழுப்பில் இழுத்தும் விட்டார். இழுத்த வேகத்தில் விரலைக் குதிரையின் மேல் வைத்துக்கொண்டு, குழலைத் தாடிக்காரரின் தொப்பைக்கு நேராகத் திருப்பி, "பாத்தியா, எவ்வளவு ஈஸி," என்றார். அதுவரை ஆண்பிள்ளையோடு ஆண்பிள்ளையாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாடிக்காரர் சடாரென்று பக்கவாட்டில் நகர்ந்தார். உள்ளே தோட்டா இல்லை என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் முகம் வெளுத்துவிட்டது. அதைக் கீழே வைக்கும்படி ரொம்ப மெதுவான குரலில் கேட்டுக்கொண்டார்.

அடுத்து ரிவால்வர். இதில் எதையும் இழுக்க வேண்டாமாம், குதிரையை அமுக்கினாலே சுடுமாம். அமுக்கினால்தானே. என் ஆள்காட்டி விரல் பாதி தூரம் போய் நின்றுகொண்டது. இரண்டு கை விரலாலும் சேர்த்து அமுக்கினால் என்ன என்று என் கணவர் யோசனை சொன்னார். அவரை நான் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

கடைக்குப் பின்னாலேயே சுட்டுப் பழகும் இடம் இருந்தது. இளஞ்சிவப்புக் குட்டியை அவர்களே தயார் செய்து கொடுத்தார்கள். ஒரே ஒரு முறைதான் சுட்டேன். எடை இல்லாத துப்பாக்கி என்றால் அதன் உதை முழுவதும் கைக்குத்தான் வரும் என்பது அட்டவணையில் எந்தக் கட்டத்திலும் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வலி ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பழகிவிடும் என்றார் தாடிக்காரர். பழகிவிடும் என்றார் என் கணவரும். வலி எனக்கு, பழக்கம் பற்றிய ஞானம் மட்டும் இவர்களுக்கு.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய துப்பாக்கியில், இருப்பதிலேயே சின்னத் தோட்டா போடுகிறதை எடுங்கள் என்று கேட்டேன். அது குறி பார்த்துப் பழகுகிறவர்களுக்கானது, பாதுகாப்புக்கு அவ்வளவாகச் சிபாரிசு செய்வதில்லை என்று தாடிக்காரர் இழுத்தார். "இது இன்ஸ்பெக்டர் இடுப்புல சொருகற மாதிரில்ல இருக்கு, உனக்கு எதுக்கு?" என்றார் என் கணவர். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மேல்பாகத்தை உள்ளங்கை முழுவதாலும் மூடிப் பிடித்துக்கொண்டு, பிடி இருக்கிற கையை முன்னால் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. கனம் இருந்ததால் சுடும்போது துள்ளவில்லை. சத்தம்கூடச் சின்னதுதான். குறிக்காக எதிரே தொங்கவிட்டிருந்த காகித மனிதனின் காதுப் பக்கத்தில் ஓட்டை விழுந்தது. இன்னொன்று சுட்டேன், அப்புறம் இன்னொன்று. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு என் கை ஒரு காரியத்தை யாரையும் கூப்பிடாமல் செய்து முடித்திருந்தது. கடைக்காரர் எதிரே செய்துகாட்ட வேண்டியதையும் பிசகில்லாமல் செய்தேன்.

அன்று சாயங்காலமே என் கணவர் குழுவில் படம் போட்டார், நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் முடிவு செய்ததாக. அட்டவணைக்கார நண்பர் கடைசியில் ஒரு வரிசையைச் சேர்த்துக்கொண்டு, இதைத்தான் தானும் முதலில் யோசித்ததாக எழுதினார். இன்னும் இரண்டு வீட்டில் அதே மாடலை வாங்கப்போவதாகக் கேள்வி. மகளிடம் போனில் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ் டோன்ட் ஷூட் அப்பா," என்றாள். அதுவரை எனக்கு அந்த யோசனை வந்ததில்லை.

சட்டப்படி காத்திருக்க வேண்டிய நாட்கள் முடிந்து அது வீட்டுக்கு வந்தது. புதுக் கார் வந்தால் செய்வது போலவே பூஜையறையில் வைத்து, பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினார். சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழம் மிச்சமானது. அப்புறம் அதைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி. அதுவும் குழுவின் தேர்வுதான், விரலை வைத்தால் திறக்கிற ரகம். என் விரலை வைத்து வைத்துப் பார்த்தார், பெட்டி ஏற்கவில்லை. வீக்கத்திலும் மருந்திலும் என் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. என் போனே என் விரலை மதிப்பதில்லை.

"நம்பர் போட்டுத் திறக்கற மாதிரி வெச்சுடுங்க," என்றேன்.

"நம்பர்னா யாராவது பாத்துருவாங்க. இப்போதைக்கு என் விரலப் போட்டிருக்கேன். ஊருக்குப் போறதுக்குள்ள உனக்குச் செட் பண்ணித் தர்றேன்."

இன்டர்நெட், பேங்க், டிவி, கரண்ட் பில் எல்லாமே அவர் பெயரில், அவர் பாஸ்வேர்டில், இப்போதைக்கு என்று ஆரம்பித்து இருபது வருடமாக அப்படியே இருக்கின்றன. ஊருக்குப் போகிற அவசரத்தில் சாக்லேட்டுக்கும் புரோட்டீன் பவுடருக்கும் சூட்கேசில் இடம் தேடவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. அவரும் அவர் கட்டைவிரலும் விமானம் ஏறிய பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன்.

"ஏனுங்க, அந்தப் பெட்டிக்கு சாவி ஒண்ணு குடுத்திருப்பாங்களே, எங்க?"

"என் சாவிக்கொத்துல மாட்டிட்டேன். தொலையாது."

"நீங்க இப்ப எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில. ஏன்?"

ஏனென்று விளங்கவே அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. வேண்டுமானால் கூரியரில் அனுப்பட்டுமா என்றார். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுக் கூரியர் ஆபீசுக்குப் போக நேரம் கிடைக்க வேண்டுமே, இன்றைக்கு நாளைக்கு என்று போய்க்கொண்டிருந்தது. பெட்டிக் கம்பெனியைக் கேட்டேன், வாங்கியவரிடம் மட்டும்தான் பேசுவோம் என்றார்கள்.

அப்படி ஒரு பகல்தான் மணியடித்தது. மீட்டிங்கில் இருந்தேன். கேமராவில் பார்த்தால் ஆரஞ்சுச் சட்டை போட்ட இரண்டு பேர். நான் திறக்கவில்லை. மறுபடி அடித்தார்கள். ஒருவன் நகர்ந்து வீட்டின் பக்கவாட்டுக்குப் போனான். மரக்கதவின் கொண்டி விழுகிற சத்தம் கேட்டது. போனையும் லேப்டாப்பையும் கீழேயே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். அலமாரிக்குள் இருந்த பெட்டியில் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. முடியாது என்று தெரியும், தெரிந்தும் ஒவ்வொரு விரலாக வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு விளக்கு. கீழே கண்ணாடி நொறுங்கியது.

கட்டில் ஓரத்தில் கார் சாவி கிடந்தது. அதில் இருக்கிற அலாரப் பொத்தான் மெத்தென்றிருக்கும், பட்டால் போதும். அமுக்கினேன். கராஜ் முழுக்க இவருடைய உடற்பயிற்சிச் சாமான் என்பதால் என் கார் வாசலிலேயே நிற்கும். தெருவே அதிரும்படி அலறத் தொடங்கியது. நான் பொத்தானை விடவில்லை. எதிர்வீட்டுச் சீனக்காரம்மா வெளியே வந்து கத்தியதும் இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள்.

போலீஸ் வந்து, படமெடுத்து, உடைந்த கதவுக்குப் பலகை அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். மாடிப்படியில் உட்கார்ந்து கணவரைக் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருக்கவில்லை. நடந்தது முழுவதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்தது.

மறுமுனையில் பதறி எழுந்து உட்கார்ந்தது கேட்டது.

"ஐயோ. துப்பாக்கி பத்திரமா இருக்கா?"

"பத்திரமா இருக்குங்க," என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் பத்திரமாக இருந்தது அது ஒன்றுதான்.